ஏல நோட்டீஸ் வந்த வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் வீட்டுக் கடன் தவணை தவறிப்போய், வங்கியிடமிருந்தோ அதன் வழக்கறிஞரிடமிருந்தோ கடிதம் பெற்றிருக்கும் குடும்பங்களுக்கு,



ஜார்ஜ் டவுன் லைட் ஸ்திரீட்டில், உயர் நீதிமன்றத்துக்கு அருகிலிருந்த ஒரு லோயர் ஆபீசில் நெடுங்காலம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வங்கிகளுக்காக ஏல மனுக்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன். வீட்டுக்காரர்களுக்காகப் பதில் மனுக்களையும் தயாரித்திருக்கிறேன். வங்கியின் மனுவில் குறை இருந்ததால் தப்பிய வீடுகள் உண்டு. குறை இருந்தும் அதை எடுத்துச் சொல்ல யாரும் வராததால் கைவிட்டுப் போன வீடுகளும் உண்டு. இந்த இரண்டாவது வகை என்னை உறங்கவிடாததால்தான் இந்த மடல்.

வாங்கிய கடனைக் கட்ட வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கடன்பட்டவருக்கும் உரிமைகள் உண்டு. நம் குடும்பங்களில் கடன் என்றால் மானப் பிரச்சினை. அண்ணன் தம்பிக்குத் தெரியக் கூடாது, சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று கடிதத்தை அலமாரிக்குள் தள்ளிவிடுகிறோம். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதைப் படித்துச் சொல்ல ஆள் தேடவும் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை சில நேரம் வீடாகவே இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சில மாதத் தவணை நின்றுவிட்டதால் வீடு வங்கிக்குச் சொந்தமாகிவிடாது. கிராண்ட் உங்கள் பேரில் இருந்து, அதன் மேல் வங்கி ‘சார்ஜ்’ பதிந்திருந்தால், 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பு வகுத்த படிகளில்தான் வங்கி ஏறியாக வேண்டும். தவணை தவறி ஒரு மாதமாவது ஆன பிறகு 16டி படிவத்தில் நோட்டீஸ் வரும். தலைப்பில் ‘போராங் 16டி’ என்று அச்சிட்டிருக்கும். எந்த நிபந்தனையை மீறினீர்கள், எவ்வளவு நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பது அதில் இருக்க வேண்டும். சார்ஜ் பத்திரத்தில் வேறு கால அளவு எழுதியிருந்தாலொழிய, சரிசெய்ய உங்களுக்கு ஒரு மாத அவகாசம் உண்டு.

அந்தக் காலம் கடந்த பிறகே வங்கி ஏல உத்தரவு கேட்டு மனுப் போட முடியும். பதிவகக் கிராண்ட் என்றால் உயர் நீதிமன்றத்தில், நில அலுவலகக் கிராண்ட் என்றால் நில நிர்வாகியிடம். இரண்டு இடத்திலும் விசாரணை நாள் உண்டு. உங்களுக்கும் அழைப்பு வரும். நீதிமன்றம் உத்தரவு கொடுத்தாலும், அதற்கும் ஏலத்துக்கும் இடையே ஒரு மாதமாவது இருக்க வேண்டும். ஏலத்தின் ஆரம்ப விலை, மதிப்பிட்ட சந்தை விலைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று 257-ஆம் பிரிவு சொல்கிறது. ஏலம் முடிவதற்குள் உத்தரவில் குறித்த தொகையைக் கட்டிவிட்டால் உத்தரவு செயலற்றுப் போகும் என்று 266-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே வாசல் கேட்டில் ‘பெரிஷ்திஹாரான் ஜுவாலான்’ என்ற ஏல அறிவிப்பு ஒட்டப்பட்ட பிறகும் உங்களுக்கு நாள் இருக்கிறது.

இந்த மடலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: கஷ்டத்தைச் சொல்லும் இடம் வேறு, குறையைச் சொல்லும் இடம் வேறு.

நீதிமன்றத்தில் கண்ணீர் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையில் ஆள்குறைப்பு, கணவருக்கு டயாலிசிஸ், மகன் படிப்பு என்று சொல்வார்கள். நீதிபதி பொறுமையாகக் கேட்பார். ஆனால் ‘மறுப்பதற்குத் தக்க காரணம்’ இருப்பதாக மனநிறைவு ஏற்பட்டாலன்றி ஏல உத்தரவு கொடுத்தே ஆக வேண்டும் என்பது 256-ஆம் பிரிவு. எது தக்க காரணம் என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் வரையறுத்த தீர்ப்பு நம் ஊர் வங்கி ஒன்றின் வழக்கில் வந்தது. இயப் சோர் ஈ 1935-இல் பினாங்கில் தொடங்கிய பான் ஹின் லீ வங்கிதான் அது. 1997-இன் சட்ட அறிக்கைகளில் வெளியான அந்தத் தீர்ப்பை நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதினார். மூன்று வகைக் காரணங்களை அது ஏற்கிறது. சார்ஜ் மோசடியாகவோ போலிப் பத்திரத்தாலோ பதியப்பட்டது என்பது ஒன்று. மனுப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியதை வங்கி செய்யவில்லை, அதாவது கோரிக்கையோ 16டி நோட்டீஸோ முறையாக வந்து சேரவில்லை அல்லது நோட்டீஸே பிழையானது என்பது இரண்டாவது. உத்தரவு கொடுப்பது சட்டத்துக்கோ நியாய நெறிக்கோ முரணாகும் என்பது மூன்றாவது. நோயும் வேலையிழப்பும் இந்தப் பட்டியலில் இல்லை. வங்கி சொல்லும் தொகையில் நூறு இருநூறு வெள்ளி கூடுதல் என்ற தகராறு மட்டும் பொதுவாக ஏலத்தை நிறுத்தாது.

ஆகவே நீதிமன்றத்துக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: நோட்டீஸ் வந்த உறை, அதிலுள்ள முகவரி, கிடைத்த தேதி, பணம் கட்டிய ரசீதுகள், கடன் ஒப்பந்தம். உறையைக் கிழித்துப் போடாதீர்கள். பழைய முகவரிக்குப் போன நோட்டீஸ், இறந்துபோன கூட்டு உரிமையாளர் பேரில் வந்த நோட்டீஸ், எல்லாம் வழக்கறிஞர் பார்க்க வேண்டிய விஷயங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாவிட்டால், பினாங்கு வழக்கறிஞர்களின் சட்ட உதவி மையத்தில் விசாரியுங்கள்.

கஷ்டத்தைச் சொல்ல வேண்டிய முதல் இடம் வங்கி. எழுத்தில் சொல்லுங்கள், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கேளுங்கள், கொடுத்த கடிதத்தில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது இடம் ஏ.கே.பி.கே. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. கட்டணம் கிடையாது. உங்கள் வருமானத்தையும் எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் போட்டு, வங்கிகளோடு பேசி, கட்டக்கூடிய ஒரு திட்டத்தை உண்டாக்கித் தருவார்கள். வழக்கு முற்றுவதற்கு முன் போனால்தான் அவர்களால் அதிகம் செய்ய முடியும்.

வங்கி உங்களிடம் தவறாக நடந்துகொண்டது என்றால் மூன்றாவது இடம் ஒன்றிருக்கிறது. நிதிச் சந்தைகள் ஒம்புட்ஸ்மன் சேவை என்பது அதன் இப்போதைய பெயர். 2025-க்கு முன் அது நிதிச் சேவை ஒம்புட்ஸ்மன். முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதி இறுதிப் பதிலை வாங்குங்கள். பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் அங்கே புகார் கொடுக்கலாம். பயனீட்டாளருக்கு இலவசம், 250,000 வெள்ளி வரை தீர்ப்பளிக்கலாம். அந்தத் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் வங்கி அதற்குக் கட்டுப்பட்டது. ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களிடமே இருக்கும். நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே போய்விட்ட விவகாரத்தை அவர்கள் எடுப்பதில்லை என்பதால் வரிசை முக்கியம்.

ஜெலுத்தோங்கில் ஓர் அக்கா. கணவர் மாரடைப்பில் போன பிறகு தவணை நின்றது. வந்த கடிதங்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, சாமி மேடைக்குக் கீழே வைத்திருந்தார். ஏல நாள் குறித்த பிறகு மகள் அந்த டின்னோடு என் வீட்டுக்கு வந்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதி வாரியாக மேசையில் அடுக்கினோம். அடியில், கடன் வாங்கிய நாளில் கொடுத்த ஒரு பழுப்பு உறை. அதற்குள் எம்.ஆர்.டி.ஏ. காப்புறுதிச் சான்றிதழ். கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ கடனை அடைக்கும் காப்புறுதி. கணவர் பேரில் இருந்தது, காலம் முடிந்திருக்கவில்லை. கணவர் இறந்ததைக் கிளைக்குப் போய் வாயால் சொல்லியிருக்கிறார் அக்கா. காப்புறுதியைப் பற்றி அங்கே அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது. வழக்கறிஞர் கடிதம் போய், ஏலம் தள்ளிவைக்கப்பட்டு, கோரிக்கை ஏற்கப்பட்டது. காப்புறுதி கடன் முழுவதையும் அடைக்கவில்லை, பெரும்பகுதியை அடைத்தது. மிச்சத்துக்கு மகள் தவணை கட்டுகிறாள். உங்கள் வீட்டில் கடன் வாங்கியவர் இறந்திருந்தால், இன்றே அந்தச் சான்றிதழைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டதே, இனி என்ன பேச முடியும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. வீட்டுக் கடன் வாங்கிய ஒரு தம்பதிக்காக வங்கி கட்ட வேண்டிய கட்டுமானத் தவணையை நேரத்துக்குக் கட்டவில்லை. மேம்பாட்டாளர் வீட்டு ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டார். அவர்கள் சிஐஎம்பி வங்கி மேல் வழக்குப் போட்டார்கள். எந்த நிலையிலும் எங்களிடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது என்று கடன் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருப்பதாக வங்கி வாதிட்டது. ஒருவர் தன் உரிமைக்காக நீதிமன்றம் போவதை முற்றாகத் தடுக்கும் விதி 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 29-ஆம் பிரிவின்படி செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அச்சடித்த விதி எல்லாமே சட்டமாகிவிடாது.

போலிப் பத்திரம் விஷயத்தில் பினாங்குக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. தஞ்சோங் பூங்காவில் தாய்லாந்துப் பெண்மணி ஒருவருக்கு இருந்த நிலத்தை, அவரைப் போல் நடித்த ஒருவர் அடோர்னா புரோப்பர்ட்டீஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே தீர்ப்பளித்தது. உண்மையான உரிமையாளருக்கு நிலம் கிடைக்கவில்லை. அந்தச் சட்ட விளக்கம் தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2010 ஜனவரி வரை ஆனது. அப்படிச் சொன்ன இரண்டாவது வழக்கு அடமானத்தைப் பற்றியதுதான். குவாந்தானில் ஒருவரின் நிலத்தை, போலி ‘பவர்’ பத்திரத்தை வைத்து, 300,000 வெள்ளிக் கடனுக்காக வங்கியிடம் சார்ஜ் வைத்திருந்தார்கள். தாம் வாங்காத கடனுக்கு வங்கியின் கோரிக்கைக் கடிதம் வந்த பிறகே உரிமையாளருக்கு விஷயம் தெரிந்தது. நீதிமன்றம் அந்த சார்ஜை ரத்து செய்தது. இன்று அந்தத் தீர்ப்பு நமக்குக் கவசம். ஆனாலும் உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆ லோங்கிடம் போய் வெற்று 14ஏ மாற்றப் படிவத்திலோ ‘பவர்’ பத்திரத்திலோ நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தக் கவசத்தை நாமே கழற்றி வைத்தது போலாகும். 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர் சட்டப்படி, உரிமமில்லாதவர் கொடுத்த கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. உரிமம் பெற்றவரும் அடமானக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது.

இனி, இந்தச் சட்டப் பாதுகாப்பு முழுவதும் எட்டாத மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் கவனியுங்கள். உங்கள் மாடி வீட்டுக்குத் தனி ஸ்ட்ராத்தா கிராண்ட் வராமலிருந்தால், வங்கியிடம் நீங்கள் கொடுத்தது சார்ஜ் அல்ல. கடன் ஒப்பந்தத்தோடு சேர்ந்த அசைன்மென்ட். வீட்டின் மேல் உங்களுக்குள்ள உரிமையை முழுதாக வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அப்படிக் கொடுத்த வீட்டை வங்கி நீதிமன்ற உத்தரவு இல்லாமலேயே, தானே ஏலக்காரரை வைத்து விற்கலாம். மேலே நான் சொன்ன படிகள், விசாரணை நாள், 257-ஆம் பிரிவு எதுவும் அங்கே தானாக வராது. தவறு நடந்தால் வீட்டுக்காரர்தான் பணம் செலவழித்து, தடை உத்தரவு கேட்டு நீதிமன்றம் போக வேண்டும். வங்கி போகத் தேவையில்லாத நீதிமன்றத்துக்குத் தவணை கட்டவே காசில்லாதவர் போக வேண்டியிருக்கிறது. நல்ல தரை வீடு வைத்திருப்பவருக்கு ஒரு நீதி, மலிவு விலை மாடி வீட்டில் இருப்பவருக்கு ஒரு நீதி என்று ஆகிவிட்டது. இதைவிடப் பெரிய அநியாயம் இந்த விஷயத்தில் எனக்குத் தெரியவில்லை.

2015-இல் நடப்புக்கு வந்த திருத்தங்களுக்குப் பிறகு, புது அடுக்குமாடிகளில் சாவியோடு சேர்த்து ஸ்ட்ராத்தா கிராண்டும் தர வேண்டும் என்றாகியிருக்கிறது. பழைய கட்டடங்களின் கதை வேறு. சில இடங்களில் மேம்பாட்டாளர் கம்பெனியே இல்லை. சில இடங்களில் கிராண்ட் வந்துவிட்டது, பேர் மாற்றும் செலவுக்குப் பயந்து யாரும் போகவில்லை. உங்கள் நிர்வாகக் குழுவில் கேளுங்கள், நில அலுவலகத்தில் கேளுங்கள். கிராண்ட் வந்திருந்தால், தவணை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் காலத்திலேயே பேர் மாற்றி சார்ஜ் பதியுங்கள். அன்று முதல் நிலச் சட்டத்தொகுப்பு உங்களுக்கும் பேசும்.

இந்த அநியாயத்தைத் தனி ஆளாக மாற்ற முடியாது என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயினில், மொரோக்கோவிலிருந்து பிழைக்கப் போன ஒரு தொழிலாளி, 2007-இல் 138,000 யூரோ வீட்டுக் கடன் வாங்கி, வேலை போய், 2011 ஜனவரியில் வெளியேற்றப்பட்டார். ஒப்பந்த விதிகள் நியாயமற்றவை என்று சொன்னாலும், அதைக் காரணமாக வைத்து ஏலத்தை நிறுத்த ஸ்பெயின் சட்டத்தில் வழியில்லை. அவர் விடவில்லை. 2013 மார்ச் 14-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அப்படி வழியில்லாமல் இருப்பதே தவறு என்றது. இரண்டு மாதத்தில் ஸ்பெயின் தன் சட்டத்தைத் திருத்தியது. அமெரிக்காவில், வங்கி ஊழியர்கள் கோப்பைப் படிக்காமலேயே ஆயிரக்கணக்கான பறிமுதல் பத்திரங்களில் கையெழுத்திட்டது அம்பலமாகி, 2012-இல் 49 மாநிலங்களோடு ஐந்து பெரிய வங்கிகள் 25 பில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. அத்தகைய பத்திரங்களைத் தட்டச்சு செய்து பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒவ்வொரு பத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது, அதைப் படிக்க வேண்டியவர் படித்தாரா என்று கேட்பது குற்றமல்ல.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்கிய ஊர் இது. 1969-இல் உருவான பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை, 2019-இல் மறையும் வரை நம் எஸ்.எம். முகமது இத்ரிஸ் நடத்தினார். சாதாரண மனிதர் ஒரு புகார்க் கடிதத்தோடு உள்ளே போகலாம் என்ற தைரியத்தை அவர் தந்தார். அந்தச் சங்கத்தின் கதவு இன்றும் திறந்திருக்கிறது. 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பயனீட்டாளர் கடன் சட்டம், வங்கி அல்லாத கடன் நிறுவனங்களையும் கடன் வசூலிப்பவர்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது. அதோடு நிற்கக் கூடாது. குடியிருக்கும் ஒரே வீட்டை, அசைன்மென்ட் என்றாலும், நீதிமன்றமோ நடுவர் மன்றமோ பார்க்காமல் ஏலம் விடக் கூடாது என்று நாம் கேட்க வேண்டும். ஆரம்ப விலையை வங்கி சாராத மதிப்பீட்டாளர் போட வேண்டும். நோட்டீஸோடு, கடன்பட்டவர் படிக்கும் மொழியில், தமிழ் உட்பட, ஒரு பக்கச் சுருக்கம் வர வேண்டும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள். ஒரு புளோக்கிலுள்ள எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

எவ்வளவு முயன்றாலும் வீட்டை வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தால், ஏலத்துக்குக் காத்திராமல் வங்கியின் சம்மதத்தோடு நீங்களே விற்கப் பாருங்கள். ஒரு ஏலம் தவறினால் அடுத்ததில் பத்து விழுக்காடு குறைப்பது நடைமுறை. 300,000 வெள்ளி வீடு இரண்டாம் ஏலத்தில் 270,000, மூன்றாவதில் 243,000 என்று இறங்கும். கடன் பாக்கி 260,000 வெள்ளி என்றால், வீடும் போய், 17,000 வெள்ளியும் அதற்கு மேல் செலவும் உங்கள் தலையில் நிற்கும். மாறாக, ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்தால், கழிக்க வேண்டியது போக மிச்சம் உங்களுடையது. கணக்குக் கேட்டு வாங்குங்கள். குறைபாட்டுத் தொகை நின்றாலும் பயந்து ஒளிய வேண்டாம். 100,000 வெள்ளிக்குக் குறைந்த கடனுக்கு இப்போது ஒருவரைத் திவாலாக்க வழக்குப் போட முடியாது.

எல்லா வீட்டையும் சட்டம் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. சில வீடுகள் போகத்தான் செய்யும். ஆனால், சட்டம் நமக்குக் கொடுத்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல், ஒரு நாள் அவகாசத்தைக்கூடப் பயன்படுத்தாமல், பினாங்கில் ஒரு குடும்பமும் வீட்டை இழக்கக் கூடாது. கடிதத்தைப் பிரியுங்கள். தேதியைக் குறியுங்கள். இந்த வாரமே யாராவது ஒருவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். அதில் மானம் போகாது.

உரிமையோடும் அன்போடும்,
ஓய்வு பெற்ற லோயர் ஆபீஸ் கிராணி ஒருவர்
ஜார்ஜ் டவுன், பினாங்கு